நேரலை விசிட்டும் ஒரு நிரந்தர நோயாளியும்

நான் ரிட்டயர் ஆனவள். வயது இருபத்தொன்பது. சிரிக்க வேண்டியவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள். போகப் போக உங்களுக்கே சங்கடமாகிவிடும்.

ஏழை நாடுகளில் எல்லா மக்களுக்கும் மருத்துவம் கிடைக்க வழி சொல்லுகிற தொழில் என்னுடையது. தொழில் நடந்த இடம் சிங்கப்பூரின் தஞ்சோங் பகார், ஏசி கொஞ்சம் அதிகமாகவே வைத்த ஒரு மாடி. ஒரு காலத்தில் தமிழர்கள் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய வட்டாரம் அது. நாங்கள் ஸ்லைடு தூக்கினோம். அவர்களுக்கு முதுகு வலித்தது, எங்களுக்கும் வலித்தது. எங்களுக்கு மட்டும் அதற்கென்று சாய்வு நாற்காலி கொடுத்தார்கள்.

இதை இப்போது எழுதக் காரணம் என் பழைய கம்பெனியின் புதுப் பிள்ளைகள். போன வாரம் செங்காங்கில் என் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருக்கும் காப்பிக்கடைக்கு இரண்டு பேர் தேடி வந்தார்கள். கழுத்தில் கம்பெனி அட்டை, கண்ணில் உலகத்தைத் திருத்தும் ஒளி.

"அக்கா, நேரலை விசிட்ட இனிமே சாஃப்ட்வேரே பாத்துரும். நாங்க உக்காந்து பாக்க வேணாம். டாக்டர் இருக்காரா, பேஷண்ட் இருக்காரா, எல்லாம் அதுவே செக் பண்ணிரும். அதுக்கு என்னென்ன பாக்கணும்னு சொல்லிக் குடுக்கணுமாம். உங்களக் கேட்டா தெரியும்னாங்க."

"யாரு சொன்னா?"

"வாசன் சார்."

குடித்துக்கொண்டிருந்த தே தாரிக் டீ புரையேறியது. அந்த மனிதரே என்னிடம் ஆள் அனுப்பியிருக்கிறார் என்றால் பதில் சொல்லாமல் விடுவது மரியாதை இல்லை. காப்பிக்கடையில் சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால் இந்தக் கட்டுரை.

பயிற்சிக் காலத்தை ஒரு பத்தியில் முடித்துவிடுகிறேன், அதற்கு மேல் அதில் சரக்கில்லை. நோயாளி என்று சொல்லக்கூடாது, 'பெனிஃபிஷியரி' என்று சொல்ல வேண்டும். மருந்து இல்லை என்று எழுதக்கூடாது, 'சப்ளை சைட் சவால்' என்று எழுத வேண்டும். டாக்டர் வரவில்லை என்றால் அது 'மனிதவள வாய்ப்பு'. வரைபடத்தில் ஒரு மாவட்டத்துக்குப் பச்சை அடிக்க அந்த மாவட்டத்துக்குப் போயிருக்க வேண்டிய அவசியமில்லை. இதெல்லாம் வந்துவிட்டால் நீங்கள் சீனியர்.

வாசன் சாரைப் பற்றி அப்படிச் சுருக்கிச் சொல்ல முடியாது. அவர் எங்கள் டைரக்டர். திருச்சியில் பிறந்து, லண்டனில் படித்து, இங்கே நீச்சல்குளம் வைத்த பெரிய காண்டோ அடுக்குமாடியில் குடியிருப்பவர். தமிழில் பேசினால் ஏதோ மறுக்கப் போகிறார் என்று அர்த்தம். 'கண்ணா' என்று ஆரம்பித்தால் மறுத்தே விட்டார் என்று அர்த்தம். முக்கியமான விஷயம் பேசுவதற்கு முன்னால் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் கவிழ்த்து வைப்பார். உங்களுக்காக நேரத்தையே நிறுத்தி வைத்திருக்கிறேன் என்று பொருள். பேச்சு முடிந்ததும் எடுத்துக் கட்டுவார். கட்ட ஆரம்பித்துவிட்டால் நீங்கள் வாக்கியத்தின் நடுவில் இருந்தாலும் கிளம்ப வேண்டியதுதான்.

அவர் அறையின் வெள்ளைப் பலகையில் எப்போதும் ஒரு பெரிய வட்டம். அதற்குப் பெயர் மக்கள். உள்ளே ஒரு சின்ன வட்டம், அதற்குப் பெயர் பட்ஜெட். சின்ன வட்டத்திலிருந்து பெரிய வட்டத்தை நோக்கி நாலு பக்கமும் அம்புக்குறி. வருகிற எல்லா நாட்டு அதிகாரிகளுக்கும் அதே படம்தான். துடைக்க வந்த அக்கா, இதைத் தொட்டால் எந்த நாட்டுக்கு என்ன ஆகுமோ என்று பயந்து சுற்றியே துடைத்துவிட்டுப் போவார்.

எனக்கு வந்த ப்ராஜெக்ட் கடல் தாண்டிய ஒரு நாட்டின் மலைத் தோட்டப் பகுதி. பெயர் சொன்னால் வக்கீல் நோட்டீஸ் வரும், வேண்டாம். அந்தத் தோட்டத்தில் தமிழ் பேசுகிறவர்கள் இருந்தார்கள்.

"ஷெரின், நீ தமிழ்தானே? இது ஒனக்குத்தான்," என்றார் வாசன் சார்.

"நீங்களும் தமிழ்தானே சார்?"

"நான் டைரக்டர்."

திட்டத்தை இரண்டே விதியில் சொல்லிவிடலாம். இரண்டும் வாசன் சார் மூளையில் உதித்தவை. முதல் விதி: ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொந்தமாக ஒரு சுகாதார நிலையம். அந்த நிலையத்து டாக்டர் கடிதம் கொடுத்தால்தான் கீழே டவுன் ஆஸ்பத்திரியில் பார்ப்பார்கள். கூட்டம் குறையுமாம். இரண்டாவது விதி: கண்காணிப்புக்குத் தாராளமாகச் செலவு செய்ய வேண்டும். அதனால் டவுனிலிருந்து டாக்டர் மலை ஏறும் வேனுக்கு டீசல், கண்காணிப்புக் கணக்கில் வந்தது. சிகிச்சைக் கணக்கில் வரவில்லை. அதாவது யாராவது வெளிநாட்டிலிருந்து பார்க்கிறார்கள் என்றால் வேன் ஓடும், டாக்டர் வருவார். நோயாளி பார்க்க வந்தால் ஓடாது.

பார்ப்பது என்றால் நேரில் போய் இல்லை. நோய்த்தொற்றுக் காலத்தில் வீடியோவில் பார்க்க ஆரம்பித்தார்கள், விமானச் செலவு மிச்சம் என்று அப்படியே விட்டுவிட்டார்கள். அதன் பெயர்தான் நேரலை விசிட். பிள்ளைகளே, செய்முறை கேட்டீர்களே, இதோ.

அந்தப் பக்கம் சுகாதார நிலையத்தில் முக்காலியில் ஒரு டேப்லெட். பின்னால் பேனர். பேனருக்கு முன்னால் டாக்டருக்கு ஒன்று, நோயாளிக்கு ஒன்று என்று இரண்டு நாற்காலி. இந்தப் பக்கம் திரை முழுக்கக் கட்டம் கட்டமாக நன்கொடையாளர்கள், முக்கால்வாசிப் பேர் கேமராவை அணைத்திருப்பார்கள். முதலில் டாக்டர் வரவேற்புரை. பிறகு ஸ்லைடு. பிறகு கேமரா மெதுவாக மருந்து அலமாரி பக்கம் திரும்பும்; அட்டைப்பெட்டிகள் கல்யாண வீட்டுச் சீர்வரிசை மாதிரி அடுக்கியிருக்கும். வேனிலேயே வந்து வேனிலேயே திரும்பிப் போகிற பெட்டிகள் அவை. பிறகு செயல்முறை விளக்கம்: ஒரு நோயாளி உட்காருவார், டாக்டர் ரத்த அழுத்தம் பார்ப்பார், எண்ணைச் சொல்வார், கட்டங்கள் தலையாட்டும். "சமூகப் பங்கேற்பு எப்படி இருக்கிறது?" என்று யாராவது கேட்பார்கள். "வலுவாக இருக்கிறது" என்று பதில் வரும். கடைசியில் எல்லாரும் கேமராவைப் பார்த்துக் கையசைக்க நான் ஸ்கிரீன்ஷாட் எடுப்பேன். சுபம்.

அந்த நாற்காலியில் உட்காரும் நோயாளியின் பெயர் மாடசாமி. நீலச் சட்டை, வெற்றிலைச் சிரிப்பு. முதல் விசிட்டில் உட்கார்ந்தார். அடுத்ததிலும் உட்கார்ந்தார். அதற்கடுத்ததில் டாக்டர் கேட்பதற்கு முன்பே சட்டைக் கையை மடித்துக்கொண்டு கையை நீட்டினார். அந்த நாட்டிலேயே அதிக முறை ரத்த அழுத்தம் பார்க்கப்பட்ட மனிதர் அவராகத்தான் இருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பாடப்புத்தகத்தில் போடலாம் போல ஓர் எண் வரும்.

வாசன் சாரிடம் சொன்னேன். "சார், எப்பவும் அதே ஆளு சார்."

"கன்சிஸ்டன்ஸி, கண்ணா," என்றார்.

நிலையத்து மருத்துவிச்சி புஷ்பா அக்காவிடம் ஒரு நாள் வாட்ஸாப்பில் கேட்டேன். புஷ்பா அக்கா சாதுவான ஆளில்லை. என்னிடம் பேசியே பெட்டி பெட்டியாகக் கையுறை, போனுக்கு டாப்-அப், பேரனுக்கு சாக்லேட் எல்லாம் கறந்தவர்.

"என்னா தங்கச்சி புரியாமக் கேக்குறே," என்றார். "மாடசாமி அண்ணனுக்கு ஒடம்புல ஒண்ணுமே இல்ல. பிரஷர் எப்பவும் அழகா வரும். நெசமான சீக்காளிய உக்கார வச்சி, நம்பரு எக்குத்தப்பா வந்துட்டா? அம்புட்டுப் பெரிய மனுசங்க முன்னாடி டாக்டரு என்னா செய்வாரு?"

"அப்ப நெஜ நோயாளிங்க?"

"பின்னாடி லயத்து வீட்டுச் செவுரோரம் உக்காந்திருப்பாங்க. கேமராவுல விழக்கூடாதுல்ல. நீங்க டாட்டா காட்டி முடிச்சதும் டாக்டரு பாப்பாரு. பொழுது சாயறவரைக்கும் பாப்பாரு. நல்ல மனுசன்தான், வண்டி இருந்தா வருவாரு."

ஆக, அந்த மலையில் மருத்துவம் என்பது நாங்கள் கையசைத்து முடித்த பிறகு நடக்கிற ஒன்று. எங்கள் அறிக்கையில் அது ஒரு வரிகூட இல்லை, ஏனென்றால் அதை யாரும் பார்க்கவில்லை.

பிறகு ப்ராஜெக்ட் வெற்றிகரமாக முடிந்தது. முடிந்தது என்பதுதான் வெற்றி. வரைபடத்தில் அந்த மாவட்டம் பச்சை. ஆபீஸில் கேக். வாசன் சார் கத்தியைப் பிடித்துக்கொண்டு, "இனி இந்த சிஸ்டம் சொந்தக் கால்ல நிக்கும்," என்றார். விசிட்டும் முடிந்தது, டீசலும் முடிந்தது. சொந்தக் காலில் என்றால் நடந்து என்று பொருள் போலிருக்கிறது.

புஷ்பா அக்கா கூப்பிட்டபோது நான் தேக்கா சந்தையில் அம்மாவுக்கு நண்டு வாங்கிக்கொண்டிருந்தேன்.

"தங்கச்சி, இன்னொரு விசிட்டு வையேன்."

"முடிஞ்சிருச்சுக்கா. கேக்கெல்லாம் வெட்டியாச்சு."

"கேக்க விடு. லெச்சுமின்னு ஒரு புள்ளத்தாச்சி. மொதப் புள்ள. கால் ரெண்டும் வீங்கிக் கெடக்கு, பிரஷரு ஏறிக்கிட்டே போவுது. டவுன் ஆஸ்பத்திரிக்கு ரெண்டு வாட்டி பஸ் ஏறிப் போய்ட்டா. ஒங்க நெலையத்து டாக்டர் கடுதாசி எங்கன்னு கேட்டுத் திருப்பி அனுப்பிட்டாங்க. டாக்டருக்குப் போன் போட்டா, பாக்காமக் கடுதாசி எழுத முடியாது, அடுத்த விசிட்டுல பாக்குறேங்கிறாரு. அடுத்த விசிட்டு எங்கேருந்து வரும்? நீ வச்சாத்தான் வரும்."

நண்டுக்காரர் "வேணுமா வேணாமா" என்றார். இரண்டு பேருக்கும் சேர்த்து, "இருங்க," என்றேன்.

மறுநாள் காலை வாசன் சார் அறைக்குப் போனேன். கடிகாரம் கையிலேயே இருந்தது, அதுவே கெட்ட சகுனம். முழுக் கதையும் சொன்னேன். பெயரோடு சொன்னேன்.

"ரொம்ப வருத்தமான விஷயம், கண்ணா."

"ஒரே ஒரு விசிட் சார். நம்ம பக்கம் செலவே இல்ல. லிங்க் அனுப்பினாப் போதும், அங்க வேன் கெளம்பிரும்."

"யாரு பாப்பாங்க? டோனர் கெளம்பியாச்சு. ஆடியன்ஸ் இல்லாம எப்படி விசிட்?"

"நாம பாக்கலாமே சார். நீங்களும் நானும்."

என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "க்ளோஸ் பண்ண ப்ராஜெக்ட்ல ஒரு கேஸ் தப்பாப் போச்சுன்னா அது அந்த நாட்டோட ப்ராப்ளம். நாம விசிட் வச்சு, அப்பத் தப்பாப் போச்சுன்னா? அது நம்ம ப்ராப்ளம். யோசிச்சுப் பாரு. சிஸ்டத்த ஸ்ட்ரெங்தன் பண்றதுதான் நம்ம வேலை. கேஸ் பாக்குறது இல்ல."

பின்னால் பலகையில் பெரிய வட்டம். லெச்சுமி அதற்குள் எங்கோ இருந்தாள். அம்புக்குறி எதுவும் அவளைத் தொடவில்லை.

ஆடியன்ஸ்தானே வேண்டும்? எனக்குத் தெரிந்து சிங்கப்பூரிலேயே ஆடியன்ஸ் சும்மா கிடைக்கிற ஒரே இடம் எங்கள் தேவாலயம். சிராங்கூன் ரோட்டுப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்ததும் மண்டபத்தில் காப்பி, வடை. ஊரிலிருந்து கப்பல் பட்டறைக்கும் கட்டடத்துக்கும் வேலைக்கு வந்த அண்ணன்மார், ஆங் மோ கியோவிலிருந்து பஸ் பிடித்து வரும் ஆன்ட்டிமார், எல்லாரும் வடை தீரும்வரை அங்கேதான். மண்டபத்தில் புரொஜெக்டரும் உண்டு. வடைக் கமிட்டித் தலைவி லூர்து ஆன்ட்டி. அவர் சம்மதித்தால் பங்குத் தந்தை சம்மதித்த மாதிரி.

"என்னா படம் போடப் போறே?" என்றார் லூர்து ஆன்ட்டி.

"படம் இல்ல ஆன்ட்டி. ஒரு டாக்டர நாம வீடியோவுல பாக்கணும். நாம பாத்தாத்தான் அவரு அங்க வருவாரு."

"ஏன், நாம பாக்கலன்னா வர மாட்டாரா?"

"மாட்டாரு."

"என்னா டாக்டர் லா அவரு? சீரியல் நடிகரா?"

டீசல், கடிதம், மாடசாமி, சுவரோர வரிசை, லெச்சுமி எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்த செல்வம் அண்ணன், புதுக்கோட்டைக்காரர், கப்பல் பட்டறையில் வெல்டர், "கேமராவுக்கு முன்னாடி நாங்க என்னா செய்யணும்?" என்றார்.

"தலையாட்டணும். கடைசில கையசைக்கணும். வேற ஒண்ணும் கேக்கப்படாது."

"இதுக்கா உனக்குச் சம்பளம் குடுக்குறாங்க?"

புஷ்பா அக்கா டாக்டரிடம் சொன்ன வாக்கியம்: "ஞாயித்துக்கெழம சிங்கப்பூர்லேருந்து பாக்குறாங்க." யார் என்று டாக்டரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. சொன்ன வரைக்கும் உண்மை. டாக்டர் அதை அப்படியே மேலே சொல்ல, டீசல் வந்துவிட்டது.

ஞாயிறு வந்தது. முன்வரிசையில் லூர்து ஆன்ட்டி, ஈஸ்டருக்கு எடுத்த பட்டுப்புடவையில். பக்கத்தில் செல்வம் அண்ணன், மணியடிக்கிற கோயில் பிள்ளையிடம் இரவல் வாங்கிய கோட்டில். கோட்டின் கை முழங்கையோடு நின்றுவிட்டது. பின்னால் பாடகர் குழு மொத்தமும். திரையில் பேனர், நாற்காலி, சீர்வரிசைப் பெட்டிகள். டாக்டர் இளைஞர், வியர்த்துப் போயிருந்தார். தமிழும் ஆங்கிலமும் கலந்து வரவேற்புரை படித்தார். இவ்வளவு பெரிய குழு, அதுவும் இத்தனை பேர் கேமராவை அணைக்காமல் அவரைப் பார்த்ததே இல்லை. அந்த உற்சாகத்தில் ஸ்லைடை விரிவாக ஆரம்பித்துவிட்டார்.

என் போன் அதிர்ந்தது. புஷ்பா அக்காவின் குரல் மெசேஜ். கிசுகிசுப்பாக: "தங்கச்சி, லெச்சுமிக்குத் தலை பொளக்குதாம். கண்ணு மங்குதுங்கிறா. இந்த மனுசன நிறுத்தேன். நான் சொன்னா, விசிட்டு முடியட்டுங்கிறாரு."

கர்ப்பிணிக்கு ரத்த அழுத்தம் ஏறி, தலை வலித்து, கண் மங்கினால் அடுத்தது வலிப்பு. இது எனக்குத் தெரியும். காலேஜில் படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதி நல்ல மார்க்கும் வாங்கினேன். ஆனால் நேரலை விசிட்டில் பேசுகிற டாக்டரை எப்படி நிறுத்துவது என்று எந்த காலேஜிலும் சொல்லித்தரவில்லை. மைக்கைத் திறந்தேன். "நன்றி டாக்டர், நேரம் கருதி, நாம செயல்முறை விளக்கத்துக்குப் போகலாமா?"

"நிச்சயமாக மேடம்!" என்றார் டாக்டர். திரும்பிக் கையைக் காட்டினார்.

நீலச் சட்டை. வெற்றிலைச் சிரிப்பு. மாடசாமி வந்து உட்கார்ந்து கையை நீட்டினார்.

"யாரு இவரு?" என்றார் லூர்து ஆன்ட்டி, மைக் திறந்திருப்பது தெரியாமல்.

"நோயாளி," என்றேன்.

"இவரா? நம்ம செல்வத்த விட நல்லா இருக்காரே லா."

திரையில் மாடசாமியின் சிரிப்பு லேசாகக் குறைந்தது. டாக்டர் பட்டையைச் சுற்றப் போனார். லூர்து ஆன்ட்டி எழுந்து, புடவையைச் சரிசெய்துகொண்டு, புரொஜெக்டர் வெளிச்சத்துக்குள்ளேயே வந்து நின்றுவிட்டார். அவர் தலையின் நிழல் பாதி டாக்டரை மறைத்தது.

"டாக்டர் தம்பி. வணக்கம். கல்யாணம் ஆயிருச்சா?"

"இ... இன்னும் இல்லைங்க மேடம்."

"ஆகும், ஆகும். இவரு போதும், இவர எழுப்புங்க. செவுத்துக்குப் பின்னாடி ஒரு வயித்துப் பிள்ளக்காரப் பொண்ணு இருக்கா பாருங்க. நாங்க அவளப் பாக்கத்தான் புடவையெல்லாம் கட்டிக்கிட்டு வந்திருக்கோம்."

டாக்டர் பட்டையை விட்டுவிட்டு நிகழ்ச்சித் தாளைப் புரட்டினார். விசிட் வரலாற்றிலேயே முதல்முறையாக, பதில் தயாராக இல்லாத ஒன்று கேட்கப்பட்டுவிட்டது. "மேடம், அது... அது நிகழ்ச்சி நிரல்ல..."

"மாடசாமி அண்ணே, கொஞ்சம் எழுந்திரிங்களேன்," என்றார் செல்வம் அண்ணன், பாடகர் குழுவுக்கே கேட்காத மென்மையான குரலில். அது எப்படியோ மலைக்குக் கேட்டது. மாடசாமி டாக்டரைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு எழுந்தார். ரொம்ப நாளாக எழுந்துகொள்ளச் சொல்ல ஆள் வராதா என்று காத்திருந்தவர் மாதிரி.

கதவோரம் தயாராக நின்ற புஷ்பா அக்கா லெச்சுமியைக் கொண்டுவந்து அந்த நாற்காலியில் உட்காரவைத்தார். சின்னப் பெண். முகமெல்லாம் வீக்கம். வெளிச்சம் தாங்காமல் ஒரு கையால் கண்ணை மறைத்துக்கொண்டிருந்தாள். டாக்டர் கேமராவைப் பார்த்துப் புன்னகைத்தபடியே பட்டையைச் சுற்றி, காற்றடித்து, ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டிக் கேட்டார்.

வழக்கமாக இந்த இடத்தில் எண்ணைச் சொல்லுவார். சொல்லவில்லை. மறுபடி காற்றடித்தார். அப்போது அவர் முகத்திலிருந்து எங்களுக்கான புன்னகை கழன்று விழுந்ததை எல்லாரும் பார்த்தோம். எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். இத்தனை விசிட்டில் அவர் முதுகை நான் பார்த்ததே இல்லை.

"புஷ்பா, ஊசி!" என்று கத்தினார். புஷ்பா அக்கா அலமாரிக்கு ஓடி, சீர்வரிசைப் பெட்டி ஒன்றை இழுத்து, பல்லால் டேப்பைக் கிழித்தார். உள்ளே நிஜமாகவே மருந்து இருந்தது. எனக்கே ஆச்சரியம். ஊசி போட்டார்கள். "வண்டிய எடு!" என்று யாரோ வெளியே கத்த, மாடசாமி ஒரு பக்கம், டாக்டர் ஒரு பக்கம் பிடித்து லெச்சுமியைக் கூட்டிக்கொண்டு போனார்கள். பேனரின் ஒரு மூலை அவிழ்ந்து தொங்கியது. வேன் கிளம்பும் சத்தம் கேட்டது. கடிதம் வேண்டியதில்லை, டாக்டரே கூடப் போகிறார்.

திரையில் இரண்டு காலி நாற்காலி.

யாரும் இணைப்பைத் துண்டிக்கவில்லை. அந்தப் பக்கம் ஆளில்லை, இந்தப் பக்கம் மனமில்லை. வாரம் முழுக்க ஸ்டீல் தூக்குகிற ஆண்களும் பாடகர் குழுவும் காலி நாற்காலியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் லூர்து ஆன்ட்டி ஜெபமாலையை எடுத்தார். வடை ஆறிப்போனது. முதல் தடவையாக அந்த மண்டபத்தில் வடை மிச்சம்.

மாலையில் புஷ்பா அக்காவின் குரல் வந்தது. "ஆப்பரேசன் பண்ணி எடுத்துட்டாங்க. பொட்டப்புள்ள. சின்னதா இருக்கு, ஆனா கத்துது பாரு, தோட்டத்துக்கே கேக்கும். தாயும் கண்ணு முழிச்சிட்டா. அடுத்த வாட்டி கையுற பெரிய சைஸா அனுப்பு."

திங்கட்கிழமை வாசன் சார் கூப்பிட்டார். கடிகாரம் கழற்றிக் கவிழ்த்து வைத்திருந்தது. அவர் கணினியில் ஒரு படம்: பட்டுப்புடவை, குட்டைக் கோட், பின்னால் பாடகர் குழு. டாக்டர் நன்றி சொல்லிக் கம்பெனிக்கு மெயில் போட்டு, பதிவையும் இணைத்திருந்தார். "இதுவரை வந்த குழுக்களிலேயே மிக ஈடுபாடு கொண்ட நிபுணர் குழு" என்று எழுதியிருந்தார்.

"யாரு இவங்க?"

"எங்க சர்ச் ஆளுங்க சார்."

வேலை போய்விட்டது என்று நினைத்தேன். அவர் எழுந்து பலகைக்குப் போனார். பெரிய வட்டத்துக்கு வெளியே புதிதாக ஒரு வட்டம் போட்டார்.

"ஷெரின், இதுல ஒரு மாடல் இருக்கு. சிட்டிசன் பார்வையாளர்கள். வாலன்டியர், செலவே இல்ல. இத நான் அடுத்த மாநாட்டுலயே போடுறேன். ரெண்டு கரெக்‌ஷன் மட்டும்." விரலை மடக்கினார். "அந்தப் பொண்ணு வர்ற எடத்துல ரொம்ப டென்ஷன். அங்க பழைய ஆளு, நீலச் சட்டை, அவர வச்சு மறுபடி எடு. அப்பறம் கடைசில அந்தக் காலி நாற்காலி. எவ்வளவு நேரம் ஓடுது! டாக்டரும் இல்ல, பெனிஃபிஷியரியும் இல்ல. சர்வீஸே நடக்காத மாதிரி இருக்கு. அத வெட்டிரு."



"அவ பேரு லெச்சுமி சார். பொண்ணு பொறந்திருக்கு."

"ரொம்ப சந்தோஷம், கண்ணா," என்று சொல்லிக் கடிகாரத்தை எடுத்துக் கட்ட ஆரம்பித்தார்.

கழுத்து அட்டையைக் கழற்றி, கடிகாரம் இருந்த இடத்தில் கவிழ்த்து வைத்தேன். லிஃப்டில் இறங்கும்போதுதான் தெரிந்தது, நான் ரிட்டயர் ஆகிவிட்டேன். பிரிவுபசாரம், மாலை, கேக் எதுவும் இல்லை. கேக் வெட்டினால் திட்டம் முடிந்துவிட்டது என்று அர்த்தம், அதனால் நல்லதாகப் போயிற்று.

ஏனென்றால் முடியவில்லை. அடுத்த ஞாயிறும் லூர்து ஆன்ட்டி புரொஜெக்டரைப் போடச் சொன்னார். அதற்கடுத்த ஞாயிறும். நாங்கள் நிபுணர்கள் இல்லை என்று டாக்டருக்குத் தெரியாதா என்று புஷ்பா அக்காவிடம் கேட்டேன்.

"அந்தம்மா கல்யாணம் ஆயிருச்சான்னு கேட்டப்பவே மனுசனுக்குத் தெரிஞ்சிபோச்சி," என்றார். "தெரிஞ்சா என்னா? சிங்கப்பூர் விசிட்டுன்னு எழுதிப் போட்டா டீசல் வருதுல்ல. பொய் ஒண்ணும் இல்லியே, நீங்க பாக்குறீங்கதானே?"

பிள்ளைகளே, உங்கள் கேள்விக்கு வருகிறேன். நாற்காலி காலியாக இருந்தால் உங்கள் சாஃப்ட்வேர் சிவப்பு காட்டும் என்றீர்கள், யாராவது உட்கார்ந்து கையை நீட்டினால் பச்சை என்றீர்கள். அப்படியே வையுங்கள். வாசன் சாருக்கு ரொம்பப் பிடிக்கும். மாடசாமி மாதிரி ஆள் ஒவ்வொரு மலையிலும் கிடைப்பார். எங்கள் மாடசாமி மட்டும் கிடைக்கமாட்டார். போன மாதம் அவருக்கு நிஜமாகவே காய்ச்சல் வந்து, மற்றவர்களோடு வரிசையில் உட்கார்ந்து முனகிக்கொண்டிருந்தாராம்.

எங்கள் பக்கம் எப்படி என்று பார்க்க வேண்டுமென்றால் ஞாயிறு பூசை முடிந்து மண்டபத்துக்கு வாருங்கள். டாக்டர் வந்ததும் கேமராவுக்கு ஒரு கும்பிடு போடுவார். போட்டதும் எழுந்து உள்ளே போய்விடுவார், அங்கேதான் வரிசை. அதன் பிறகு திரையில் ஒன்றுமே இருக்காது. பேனரையும் கழற்றி யாரோ கதவுக்குத் திரைச்சீலை ஆக்கிவிட்டார்கள். போன ஞாயிறு புதிதாக வந்த ஒரு தம்பி, பட்டறை வேலைக்கு ஊரிலிருந்து வந்தவன், வடையைக் கையில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்துவிட்டுக் கேட்டான்:

"டாக்டர் எங்கங்க?"

"வேலையா இருக்காரு லா," என்றார் லூர்து ஆன்ட்டி. "தொந்தரவு பண்ணாத. காப்பியக் குடி."